ப்ளூஸ் கிட்டார்: வரிக்குப் பின் வரும் பதில்

ப்ளூஸ், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி உருவான இசைவடிவம். பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழைத்தவர்கள், ரயில்பாதை போட்டவர்கள், சிறைக் கைதிகள் ஆகியோரின் பாட்டுகளிலிருந்து அது வளர்ந்தது. ரிதம் அண்ட் ப்ளூஸ், ராக் அண்ட் ரோல், சோல் ஆகியவை அதிலிருந்து கிளைத்தவை. ஜாஸின் உருவாக்கத்திலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

ப்ளூஸின் பெரும் கிட்டார் கலைஞர்களைப் பற்றிய பேச்சில் வழக்கமாக இரண்டு விஷயங்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று விரல் வேகம். மற்றொன்று, நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்று வித்தை கற்ற கதை. இரண்டும் அந்தக் கலையின் மையத்தைத் தொடுவதில்லை. பாடகர் ஒரு வரியைப் பாடி நிறுத்தியதும் சில நொடிகள் காலியாகின்றன. அந்தச் சில நொடிகளில் கிட்டார் என்ன சொல்கிறது என்பதில்தான் ப்ளூஸ் கிட்டாரின் மேதைமை இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் இந்த மரபிலிருந்து எடுத்துக்கொண்டது அதிகம். ஆனால் அந்தச் சில நொடிகளை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

பன்னிரண்டு பார்களின் கணக்கு

ப்ளூஸின் மிகப் பரவலான வடிவம் பன்னிரண்டு 'பார்'களைக் கொண்டது. பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளத் துண்டு. ஒரு சரணத்தில் மூன்று வரிகள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார்கள். முதல் வரி பாடப்படும். அதே வரி மீண்டும் ஒருமுறை வரும். மூன்றாவது வரி அதற்கு முடிவு சொல்லும்.

ஆனால் நான்கு பார்களையும் குரல் நிரப்புவதில்லை. பாட்டு ஏறக்குறைய இரண்டு பார்களில் முடிந்துவிடும். மீதி இரண்டு பார்கள் கருவிக்கு உரியவை. முதல் வரி ஏன் திரும்ப வருகிறது என்பதற்கு, அடுத்த வரியை யோசிக்கப் பாடகருக்கு அவகாசம் வேண்டும் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கலாம். கேட்பவருக்கோ வேறொன்று நடக்கிறது. முதல்முறை கேட்ட வரிக்குக் கிட்டார் ஒரு பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அதே வரி இரண்டாம் முறை வரும்போது அதன் பொருள் சற்றே மாறிப்போகிறது. தன்னிரக்கமாகத் தொடங்கிய வரி கேலியாகிவிடலாம், மிரட்டலாகவும் ஆகலாம்.

இதற்குக் கிட்டார் பொருந்தி வந்ததற்கு எளிய காரணங்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சியர்ஸ் போன்ற அஞ்சல்வழி வணிக நிறுவனங்களிடம் சில டாலர்களுக்கு ஒரு கிட்டார் கிடைத்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம், வாசித்துக்கொண்டே பாடலாம். எக்காளம் ஊதுபவர் அதே நேரத்தில் பாட முடியாது. பியானோவைச் சுமந்து செல்ல முடியாது.

பியானோவுக்கு இன்னொரு குறையும் உண்டு. ப்ளூஸ் பாடகர் தொடும் சுரங்கள் பியானோவின் கட்டைகளில் இல்லை. குறிப்பாக மூன்றாம் சுரம் மேஜருக்கும் மைனருக்கும் நடுவில் எங்கோ ஊசலாடும். 'ப்ளூ நோட்' என்று இதைச் சொல்கிறார்கள். கிட்டாரின் கழுத்திலும் ஃப்ரெட் எனப்படும் உலோகப் பட்டிகள் சுரத்தைப் பிரித்து வைக்கின்றன. ஆனால் அதிலிருந்து தப்பிக்க வழியுண்டு. தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்து வளைத்தால் சுரம் மேலேறும். உடைந்த போத்தலின் கழுத்தையோ கத்தியையோ தந்தியின் மேல் வழுக்கிச் செலுத்தினால் ஃப்ரெட்டுகளுக்கு வேலையே இல்லை. ஸ்லைட் என்பது இந்த முறைதான். மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் 1903 வாக்கில் ஒருவர் கத்தியை வைத்துக் கிட்டார் வாசித்துப் பாடியதைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரின் பெயர் வரலாற்றில் இல்லை.

சொல் இல்லாத பாட்டு

குரலும் கிட்டாரும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்க முடியும் என்பதற்கு பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பரில் டல்லஸ் நகரில் பதிவுசெய்த 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்' ஒன்றே போதும். கண்பார்வை இல்லாத அவர் பாடியவை சமயப் பாடல்கள். அவரை ப்ளூஸ் கலைஞர் என்று வகைப்படுத்துவது பட்டியல் போடுபவர்களின் வசதிக்காக. ஆனால் அவருடைய ஸ்லைட் வாசிப்பு முழுக்க ப்ளூஸ் கிட்டாரின் மொழி.

இந்தப் பதிவில் சொற்கள் இல்லை. ஜான்சன் முனகுகிறார், முணுமுணுக்கிறார், பாதியில் நிறுத்துகிறார். நிறுத்திய இடத்திலிருந்து ஸ்லைட் அதே மெட்டைத் தொடர்கிறது. சில இடங்களில் எது தொண்டை, எது தந்தி என்று பிரித்தறிய ஒரு கணம் பிடிக்கும். கிட்டார் இங்கே பாட்டுக்குத் துணை போகவில்லை. பாட்டின் பாதியை அதுதான் பாடுகிறது.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட தங்கத் தகட்டில் இந்தப் பதிவு இடம்பெற்றது. அதைப் பாடியவர் 1945இல் டெக்சஸின் போமான்ட் நகரில், தீயில் எரிந்துபோன தன் வீட்டின் இடிபாடுகளில் வாழ்ந்து, நோயுற்று இறந்தார்.

ராபர்ட் ஜான்சனும் அவர் நிழலில் நின்றவர்களும்

இன்று ப்ளூஸ் கிட்டார் என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் ராபர்ட் ஜான்சன். 1911இல் மிசிசிப்பியில் பிறந்தார். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலும் 29 பாடல்களைப் பதிவுசெய்தார். 1938 ஆகஸ்டில், 27 வயதில், கிரீன்வுட் அருகே இறந்தார். வாழ்ந்த காலத்தில் அவர் பெரிய பெயர் இல்லை. 'டெரப்ளேன் ப்ளூஸ்' என்ற ஒரு பாட்டு ஓரளவு விற்றது. அவ்வளவுதான். 1961இல் கொலம்பியா நிறுவனம் அவருடைய பாடல்களை நீளத்தட்டாக வெளியிட்டது. எரிக் கிளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ் போன்ற இங்கிலாந்து இளைஞர்கள் கேட்டு மயங்கியது அந்தப் பதிவுகளைத்தான். 1990இல் வெளிவந்த முழுத் தொகுப்பு பத்து லட்சத்துக்கு மேல் விற்று கிராமி விருதும் பெற்றது.

நாற்சந்திக் கதை அவருடைய புகழோடு சேர்ந்து வளர்ந்தது. உண்மையில் இதே கதை அவருக்கு முன்பே டாமி ஜான்சன் என்ற வேறொரு மிசிசிப்பிப் பாடகரைப் பற்றிச் சொல்லப்பட்டது. ராபர்ட் ஜான்சனின் 'கிராஸ் ரோட் ப்ளூஸ்' பாட்டில் சாத்தானே இல்லை. அதில் வருபவன் மண்டியிட்டு இறைவனிடம் இரக்கம் கேட்கிறான்.

சாத்தானை விலக்கிவிட்டுப் பார்த்தால் தெரிவது ஒரு கடுமையான மாணவர். ஐக் ஸிம்மர்மன் என்ற கிட்டார் கலைஞரிடம் அவர் பயின்றார். அதைவிட முக்கியமாக, இசைத்தட்டுகளைக் கேட்டுப் படித்தார். லெராய் கார், கோகோமோ அர்னால்ட், ஸ்கிப் ஜேம்ஸ், லானி ஜான்சன் எனப் பலருடைய மெட்டுகளும் உத்திகளும் அவர் பாடல்களில் கலந்திருக்கின்றன. பியானோ கலைஞரின் இடக்கை செய்யும் வேலையைக் கிட்டாரின் கீழ்த்தந்திகளுக்குக் கொண்டுவந்து, அதன் மேல் உயர்தந்திகளில் குரலுக்குப் பதில் சொன்னார். ஒரே ஆள் வாசிப்பதா இது என்று கேட்பவர் ஐயப்படும் அளவுக்கு அது அடர்த்தியானது. அவர் மேதை என்பதில் ஐயமில்லை. அவரே தொடக்கம் என்பதுதான் தவறு.

தொடக்கம் என்று எவரையாவது சொல்ல வேண்டுமானால் லானி ஜான்சனை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த இவர் 1925இல் பதிவுசெய்யத் தொடங்கினார். ஒற்றைத் தந்தியில் மெட்டை விரித்து வாசிக்கும் முறையை இசைத்தட்டில் நிலைநிறுத்தியவர் இவர். 1927இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குழுவோடும், 1928இல் ட்யூக் எலிங்டனோடும் வாசித்தார். 'ஹாட்டர் தேன் தட்' பதிவில் ஆம்ஸ்ட்ராங் சொல்லற்ற ஒலிகளால் பாட, ஜான்சனின் கிட்டார் ஒவ்வொரு துண்டுக்கும் எதிர்த்துண்டு போடுகிறது. எடி லாங் என்ற வெள்ளையினக் கிட்டார் கலைஞரோடு அவர் செய்த இருவர் பதிவுகளில் லாங்கின் பெயர் 'பிளைண்ட் வில்லி டன்' என்று மாற்றப்பட்டிருந்தது. இரு இனத்தவர் சேர்ந்து வாசிப்பதை வெளிப்படையாகச் சொல்ல முடியாத காலம் அது. பிறகு பி. பி. கிங் வரை நீளும் ஒற்றைத் தந்தி வாசிப்பின் கோடு இவரிடமிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் 1950களின் இறுதியில் இவர் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு விடுதியில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் இந்த வேறுபாடு? லானி ஜான்சன் நகரத்தவர். நன்றாக உடுத்தினார், காதல் பாட்டும் பாடினார், நீண்ட காலம் உயிரோடும் இருந்தார். 1960களின் ரசிகர்கள் ப்ளூஸில் தேடியது செம்மண் தெருவையும் இளம் மரணத்தையும். அந்தத் தேடலுக்கு ராபர்ட் ஜான்சன் வாகாக அமைந்தார்.

மிசிசிப்பி டெல்டாவின் மூத்தவர்களான சார்லி பாட்டனும் சன் ஹவுஸும் வேறு வகை. 1934இல் இறந்த பாட்டன் கிட்டாரின் உடலைத் தட்டித் தாளம் எழுப்புவார், வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டு அதைத் தந்தியில் சொல்லவிடுவார். சன் ஹவுஸின் வாசிப்பு அவ்வளவு நுட்பமானதல்ல. ஆனால் அவர் ஸ்லைடைத் தந்தியில் அறையும்போது எழும் ஓசையில் பிரசங்கம் கேட்கும். அவர் சில காலம் சபைப் பிரசங்கியாகவும் இருந்தவர்.

மின்சாரம் வந்த பிறகு

மக்கின்லி மார்கன்ஃபீல்ட் என்ற மட்டி வாட்டர்ஸ், மிசிசிப்பியின் ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, 1941இல் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவரைப் பதிவுசெய்தனர். 1943இல் அவர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். நகரத்து மதுக்கூடங்களின் இரைச்சலில் மரக் கிட்டார் கேட்கவில்லை. மின்கிட்டாருக்கு மாறியதற்கு முதல் காரணம் அழகியல் அல்ல, வெறும் இரைச்சல்தான். ஆனால் 1948இல் வந்த 'ஐ காண்ட் பி சாட்டிஸ்ஃபைட்' பாட்டைக் கேட்டால் மின்சாரம் என்ன கொடுத்தது என்று புரியும். சுரம் நீண்டு நிற்கிறது. தேய்ந்து மறையாத சுரம் மனிதக் குரலை இன்னும் நெருங்கிவிடுகிறது.

உரக்க வாசிக்க முடியும் என்றானதும் குரலை மூடிவிடும் ஆபத்தும் வந்தது. ஹவுலின் வுல்ஃபின் குழுவில் வாசித்த ஹியூபர்ட் சம்லின் இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். தன் பாட்டின் மேல் ஏறி வாசிக்கிறார் என்று வுல்ஃப் அவரைக் கடிந்துகொண்டார். சம்லின் மீட்டும் வில்லையைத் தூர வைத்துவிட்டு வெறும் விரலால் வாசிக்கத் தொடங்கினார். அவருடைய தனித்த ஒலி அன்றுதான் பிறந்தது. 1964இல் பதிவான 'கில்லிங் ஃப்ளோர்' பாட்டில் அவர் வாசிப்பது அதிகமில்லை. வுல்ஃபின் முரட்டுக் குரல் நிற்கும் இடத்தில் சட்டென்று ஒரு துள்ளல், பிறகு விலகல். வேகத்தை வைத்து அளந்தால் சம்லின் எந்தப் பட்டியலின் முதல் வரிசையிலும் வரமாட்டார். பாட்டுக்குக் காது கொடுப்பதை வைத்து அளந்தால் அவருக்கு இணை சிலரே.

மின்கிட்டாரின் மறு கிளை டெக்சஸில் தொடங்கியது. சிறுவயதில் பார்வையற்ற பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனுக்கு வழிகாட்டியாக இருந்த டி-போன் வாக்கர், 1947இல் 'கால் இட் ஸ்டார்மி மண்டே' பாட்டைப் பதிவுசெய்தார். எக்காளம் ஊதுபவரைப்போல மூச்சுவிட்டு மூச்சுவிட்டு வாசிக்கும் பாணி அவருடையது. சக் பெரியின் ராக் அண்ட் ரோல் கிட்டாரில் பாதி இவரிடமிருந்து வந்தது. தலைக்குப் பின்னால் கிட்டாரை வைத்து வாசிக்கும் மேடை வித்தையை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு வெகு முன்பே செய்தவரும் இவர்தான்.

வாக்கரின் அந்த ஒலியைக் கேட்டு மின்கிட்டார் வாங்க ஆசைப்பட்டவர் பி. பி. கிங். 1925இல் மிசிசிப்பியில் பிறந்தவர். தாய்வழி உறவினரான புக்கா வைட் சிறந்த ஸ்லைட் கலைஞர். கிங்குக்கு ஸ்லைட் கைவரவில்லை. அந்த ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முயன்று, இடக்கை மணிக்கட்டை நடுக்கித் தந்தியை அதிரவைத்தார். இன்று உலகம் முழுக்க மின்கிட்டார் வாசிப்பவர்கள் பழகும் அந்த அதிர்வு, ஒரு இயலாமைக்குக் கண்டுபிடித்த மாற்றுவழி.

கிங் பாடும்போது வாசிப்பதில்லை; வாசிக்கும்போது பாடுவதில்லை. இரண்டையும் ஒருசேரச் செய்யத் தனக்கு வராது என்று அவரே சொன்னதுண்டு. வாய் நிற்கும் கணத்தில் லூசில் வழியாகப் பாடத் தொடங்குவதாகவும் சொல்வார். லூசில் என்பது அவர் தன் கிட்டார்களுக்கு வைத்த பெயர். 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த 'லைவ் அட் த ரீகல்' தொகுப்பில் இதை முழுமையாகக் கேட்கலாம். ஒரு வரி பாடுகிறார். நான்கைந்து சுரங்கள் மட்டும் வாசிக்கிறார். கடைசிச் சுரத்தை வளைத்துப் பிடித்து அதிரவிடுகிறார். கூட்டத்திலிருந்து பெண்கள் கூவுகிறார்கள். அந்தக் கூவலுக்கும் அவர் இடம் விட்டுத்தான் அடுத்த வரியைத் தொடங்குகிறார். ஆக, உரையாடலில் மூன்று பேர்.

1969இல் பதிவான 'த த்ரில் இஸ் கான்' அவரை வெள்ளையின ரசிகர்களிடமும் கொண்டுசேர்த்தது. அவருடைய பிற்காலப் பதிவுகளில் பல சோர்வானவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1956இல் மட்டும் 342 நிகழ்ச்சிகள் நடத்திய மனிதர் அவர். அந்த ஓட்டத்தில் எல்லா இரவும் ரீகல் ஆகிவிடாது.

பட்டியல்களில் விடுபட்ட பெண்கள்

பெரும் கிட்டார் கலைஞர்களின் பட்டியல்கள் ஏறக்குறைய ஆண்களின் பட்டியல்கள். ஆனால் 1920இல் 'கிரேசி ப்ளூஸ்' பாடி ப்ளூஸ் இசைத்தட்டுச் சந்தையைத் திறந்துவிட்டவர் மேமி ஸ்மித் என்ற பெண் பாடகர். கிட்டாரில் மெம்ஃபிஸ் மின்னி எவருக்கும் குறைந்தவரல்ல. மின்கிட்டாரைத் தொடக்கத்திலேயே கையிலெடுத்தவர்களில் ஒருவர் அவர். 1942ஆம் ஆண்டின் கடைசி இரவில் சிகாகோவில் அவர் வாசித்ததைக் கேட்ட கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், அந்த மின்னொலியைப் பற்றி ஒரு பத்திரிகைப் பத்தியே எழுதினார். மட்டி வாட்டர்ஸ் அப்போது சிகாகோவுக்கே வந்திருக்கவில்லை.

சிஸ்டர் ரொசெட்டா தார்ப் பாடியவை தேவாலயப் பாடல்கள். 1944இல் பதிவான அவருடைய 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' பாட்டைக் கேட்ட பிறகு, ராக் அண்ட் ரோல் 1950களில் ஆண்களால் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்வது கடினம். 1964இல் மான்செஸ்டரில் பயன்பாட்டில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக அவர் வாசித்த காட்சி இன்றும் கிடைக்கிறது. ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல்.

கடல் கடந்த நாற்சந்தி

1958இல் மட்டி வாட்டர்ஸ் முதல்முறை இங்கிலாந்து சென்றபோது, நாட்டுப்புறப் பாடகரை எதிர்பார்த்திருந்தவர்களில் சிலர் மின்கிட்டாரின் உரத்த ஒலியில் அதிர்ந்துபோனார்கள். ஐந்தே ஆண்டுகளில் அங்கே ஒரு தலைமுறை இளைஞர்கள் அதே ஒலியைத் தேடி அலைந்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரையே அவருடைய 1950ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது. 1964இல் அமெரிக்கா வந்ததும் அவர்கள் சிகாகோவின் செஸ் கூடத்துக்குப் போய்ப் பதிவுசெய்தார்கள். மறு ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஷின்டிக்' நிகழ்ச்சிக்குத் தங்களோடு ஹவுலின் வுல்ஃபையும் அழைத்துவந்தார்கள்.

இந்தக் கடத்தலில் எது வந்தது, எது விடுபட்டது என்பதை ஒரே பாட்டில் பார்த்துவிடலாம். ராபர்ட் ஜான்சனின் 'கிராஸ் ரோட் ப்ளூஸ்' 1936இல் பதிவானது. மூன்று நிமிடத்துக்கும் குறைவு. நாற்சந்தியில் நின்று போகிற வண்டிகளை நிறுத்தப் பார்க்கும் ஒருவனின் பாட்டு அது. அவனை யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கடந்து போகிறார்கள். பொழுது சாய்கிறது, இருட்டு தன்னை இங்கேயே பிடித்துவிடும் என்று அஞ்சுகிறான். அன்றைய தென்மாநிலங்களில் இருட்டிய பிறகு முன்பின் தெரியாத ஊரில் தனியாக நிற்கும் கறுப்பினத்தவருக்கு அது உயிர்ப்பயம். வேலையற்று அலைபவர் என்று சட்டத்தின் பெயரால் பிடித்துக் கட்டாய உழைப்பில் தள்ளுவதும் நடந்தது. ஜான்சனின் ஸ்லைட் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் கூரிய சிறு கீறலாக எழுகிறது. பார்களை எண்ணினால் கணக்கு இடறும். அவர் பதற்றத்துக்கு ஏற்பத் தாளம் நீள்கிறது, சுருங்குகிறது.

எரிக் கிளாப்டன் இடம்பெற்ற கிரீம் குழு 1968 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'கிராஸ்ரோட்ஸ்' என்ற பெயரில் இதை மேடையில் வாசித்தது. 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' தொகுப்பில் வந்த அந்தப் பதிவு ராக் கிட்டார் படிப்பவர்களுக்கு இன்றும் பாடநூல். தாளம் இறுகிச் சீராகிவிட்டது. ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் சொற்றொடர், பாட்டு முழுக்க ஓடுகிறது. பொழுது சாயும் வரி இல்லை. அந்த இடத்தில் ஜான்சனின் வேறொரு பாட்டிலிருந்து, காதலியோடு ரோஸ்டேல் ஊருக்குப் பயணம் போகும் வரி வந்து சேர்ந்திருக்கிறது. வரிக்கும் வரிக்கும் நடுவே இருந்த பதில், பாட்டுக்கு நடுவே வரும் இரண்டு தனி வாசிப்புகளாகத் திரண்டுவிட்டது.

அந்த இரண்டு தனி வாசிப்புகளும் அபாரமானவை. ஒரு சொற்றொடரிலிருந்து அடுத்தது முளைக்கும் விதத்தில் தேவைக்கு மேல் ஒரு சுரம்கூட இல்லை. கிளாப்டனைத் திருடன் என்று சொல்லிக் கடந்துபோவது நியாயமல்ல. ஜான்சனின் பெயரை வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தவர் அவர். ஆனால் அந்த இசை எதைப் பற்றியது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. ஜான்சனின் பாட்டில் ஒருவன் மாட்டிக்கொண்டு நிற்கிறான். கிரீமின் பாட்டில் மூன்று பேர் பறக்கிறார்கள்.

இதன் பிறகு ராக் கிட்டாரின் பெரும்பகுதி இந்த இரண்டாவது வழியில்தான் போனது. தனி வாசிப்பு நீண்டது, பாடகர் காத்திருந்தார். விதிவிலக்குகள் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967இல் வெளியிட்ட 'ரெட் ஹவுஸ்' பழைய இலக்கணப்படியே நடக்கிறது: பாடும் குரலும் பதில் சொல்லும் கிட்டாரும் ஒரே ஆளின் சலிப்பிலிருந்து வருகின்றன.

பெயரும் பணமும் இந்தக் கதையின் இன்னொரு பக்கம். ஆர்தர் க்ரூடப் 1946இல் பதிவுசெய்த 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டைத்தான் 1954இல் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் இசைத்தட்டில் பாடினார். உரிய உரிமைத்தொகை கைக்கு வராமலேயே 1974இல் க்ரூடப் இறந்தார். லெட் ஸெப்பலின் குழுவின் 1969ஆம் ஆண்டு 'லெமன் சாங்' பாட்டில் 'கில்லிங் ஃப்ளோர்' அப்படியே இருக்கிறது. ஹவுலின் வுல்ஃபின் பெயர் பின்னால்தான் சேர்ந்தது. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்துக்கு வெளியே 1987இல் அது தீர்ந்தது. மறுபக்கம், 2011இல் ஹியூபர்ட் சம்லின் இறந்தபோது இறுதிச்சடங்கின் செலவை மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் ஏற்றுக்கொண்டார்கள்.

வளைந்த சுரம் போன இடங்கள்

செல்வாக்கின் வழித்தடம் எப்போதும் பெரிய பெயர்கள் வழியாகப் போவதில்லை. இடக்கைக்காரரான ஆல்பர்ட் கிங், வலக்கைக்காரர்களுக்காகத் தந்தி கட்டப்பட்ட கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். அதனால் மெல்லிய தந்திகளை மேல்நோக்கித் தள்ளாமல் கீழ்நோக்கி இழுத்தார். கையின் முழு வலுவும் அந்த இழுப்பில் இறங்கியது. 1967இல் வந்த 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' தொகுப்பில் ஒரே சுரத்தை வளைத்துக்கொண்டே போவார். அது எங்கே நிற்கும் என்று ஊகிக்க முடியாது. டெக்சஸின் ஸ்டீவி ரே வான் இந்த இழுப்பை வரித்துக்கொண்டார். 1983இல் டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' பாட்டின் இறுதியில் வரும் கிட்டார் வானுடையது. ப்ளூஸ் என்ற சொல்லையே அறியாமல் அந்த ஆண்டு நடனக்கூடங்களில் ஆடியவர்கள் கேட்டது ஆல்பர்ட் கிங்கின் கையெழுத்தை.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைச் சேர்ந்த அலி ஃபர்கா டூரே, ஜான் லீ ஹூக்கரின் ஒற்றை நாண் ப்ளூஸை முதலில் கேட்டபோது தன் நாட்டு இசை என்றே நினைத்ததாகச் சொன்னார். ரை கூடரோடு அவர் 1994இல் வெளியிட்ட 'டாக்கிங் டிம்பக்டு' தொகுப்பில் யார் யாரிடமிருந்து கற்றார் என்ற கேள்வி குழம்பிப்போகிறது. அடிமைக் கப்பல்களில் போன ஒன்று இசைத்தட்டில் திரும்பி வந்ததா, அல்லது இரண்டும் தனித்தனியே வளர்ந்து ஒத்துப்போயினவா என்பதை இசையை மட்டும் கேட்டு முடிவுசெய்ய முடியாது. டூரே தன் பங்குக்கு அமெரிக்கர்களிடம் கடன்பட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான கிளை ஒன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஜான் மெக்லாஃப்லின், சிறுவனாக வீட்டில் மட்டி வாட்டர்ஸ், பிக் பில் ப்ரூன்ஸி ஆகியோரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கிட்டாரிடம் வந்தவர். பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். 1970களின் நடுவில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயகராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவை அமைத்தார். அதற்காகச் செய்யப்பட்ட கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இருந்த மரம் குடைந்தெடுக்கப்பட்டிருந்தது. தந்தியை வீணையைப்போல ஆழமாக இழுத்து வளைக்க அது இடம் கொடுத்தது. கமகமும் ப்ளூ நோட்டும் ஒன்றல்ல. கமகம் ராகத்தின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது; ப்ளூ நோட் பாடுபவரின் அன்றைய மனநிலைக்குத்தான் கட்டுப்பட்டது. ஆனால் இரண்டுக்கும் தேவைப்பட்ட கை ஒன்றாக இருந்தது. சக்தியின் முதல் தொகுப்பில் பாடகர் என்று எவரும் இல்லை. வயலின் ஒரு சொற்றொடரை வாசித்து நிறுத்துகிறது. கிட்டார் அதை வாங்கிக்கொண்டு பதில் சொல்கிறது.